முதுகுக்குப் பின்னால் ஒரு கை

வெள்ளைக் கையுறைகளை விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் டெல்ஃபின் வரமாட்டாள். "இருங்க, இன்னும் சுண்டுவிரல் பாக்கி" என்பாள். வாரம் முழுக்கச் சலவைக்கடையில் ஊரார் சட்டைகளைத் தேய்க்கிறவள், சனிக்கிழமை மாலை வீட்டில் தேய்ப்பது இந்த ஒரு ஜோடியைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கறுப்பினத் தேவாலயச் சபையின் நடுவாசல் அவளுடையது. வருகிறவர்களை உட்கார வைக்கும் வாசல்காரர்களுக்கென்று ஒரு நிலை உண்டு: வலது கை வழிகாட்டும், இடது கை மடங்கி முதுகுக்குப் பின்னால் இருக்கும். பதினோரு வருடப் பழக்கம். சிகாகோ குளிரில் டிராமுக்குக் காத்திருந்தாலும் அப்படியேதான் நிற்பாள். பக்கவாசல்காரனான எனக்கே சிரிப்பு வரும்.

அந்தக் கையால்தான் வந்தது வினை. மாடிவீட்டு ஓவியன் லூசியஸ் ஒருநாள் சும்மா நிற்கச் சொன்னானாம். இவளும் ஏப்ரனோடு போய், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். பென்சிலில் முன்வரைவு எடுத்துக்கொண்டான். பெரிய ஓவியத்தில் அவளை நடன விடுதிக்குள் கொண்டுபோய்விட்டான்: ஜாஸ் வாத்தியம், கள்ளச்சாராயம், நடுவில் சிவப்புக் கவுனில் திரும்பி நிற்கும் பெண். கண்காட்சியில் வைத்ததும், வெள்ளைக்காரர் முன்னால் நம் மானம் போயிற்று என்று போதகர் கொதித்தார். முகம் தெரியாவிட்டால் என்ன? ஆட வந்தவள் எவள் இடது கையை அப்படி மடக்கிக்கொண்டு நிற்பாள்? எங்கள் ஆட்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள்.

வாசல்காரர் தலைவி மிசஸ் புரூயிட் கூட்டம் போட்டார். லூசியஸ் தந்திருந்த முன்வரைவை டெல்ஃபின் மேசையில் விரித்தாள். சலவைக்கடை ஏப்ரன், வீங்கிய கணுக்கால், அந்தக் கை. இத்தனை வருடம் கூட நின்றும் அவளை நான் இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை.

தலைவியும் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் காகிதத்தைக் கிழிச்சிடு, சிஸ்டர். இனிமே கையைத் தொங்க விட்டு நில்லு. முடியாதுன்னா கையுறையைத் திருப்பிக் குடுத்துடு."

"அது நான் நின்ன நிலைங்க. படம்தான் என்கிட்டேருந்து எடுத்துக்கிச்சு" என்றாள் டெல்ஃபின். காகிதத்தைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறு ஞாயிறு கையுறையோடு நடுவாசலில் நின்றாள். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. பணிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். படியேறி வந்த மிசஸ் புரூயிட்டின் கண்ணும் முதலில் அந்தக் கைக்குத்தான் போனது. டெல்ஃபின் தலை குனிந்து வணங்கி, வலது கையால் முன்வரிசையைக் காட்டினாள். இடது கையை மெதுவாக மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.