சீர்வரிசையில் வந்த கம்ப்யூட்டர்

ஒரே கம்ப்யூட்டரில் மூன்று ஆன்டிவைரஸ் போட்ட முட்டாள்கள் உலகத்தில் எத்தனை பேரோ தெரியாது. விழுப்புரத்தில் ஒருவன் இருந்தான். அவன் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு காவல்காரனைவிட மூன்று பேர் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அந்த மூவரும் திருடனை விட்டுவிட்டு ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, நாளெல்லாம் சோதனை போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டராவது என்னுடையதா என்றால் அதுவும் இல்லை. அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். திண்டிவனத்துச் சித்தியின் சீர்வரிசையில் பீரோ, கட்டில், குத்துவிளக்கோடு அதுவும் வந்து இறங்கியது. சித்தி கல்லூரியில் படித்ததே கம்ப்யூட்டர்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் நிபுணன் என்று பேர் வாங்கியவன் நான். கார் ரேஸ் விளையாட்டில் ஆறாவது கட்டம் வரை போயிருந்தேன் அல்லவா!

ஆடி பிறந்ததும் சித்தியின் அப்பா வந்து மகளை அழைத்துப்போனார். புதுப்பெண் ஆடியில் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்று விதித்தவர்கள், அவளுடைய கம்ப்யூட்டரை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். நண்பர்களின் பென் டிரைவில் விளையாட்டுகள் வந்தன. கூடவே வைரஸும் வருமே என்று பயந்து, அந்த மூன்று காவல்காரர்களையும் ஏற்றினேன். ஓட்டம் மந்தமானதும், வேகத்தைக் கூட்டுவதாகச் சத்தியம் செய்த ஒரு மென்பொருளையும் போட்டேன். அதன் பிறகு மந்தமாகக்கூட ஓடவில்லை. நிமிடத்துக்கொரு பிழைச் செய்தி முளைத்தது. ஒவ்வொன்றிலும் ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான். எதுவுமே ஓகே இல்லை என்று சொல்ல அங்கே இடம் கிடையாது.

ஆவணியில் சித்தி திரும்பி வந்தார். அதே வாரம் சித்தப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கல்யாணப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் பார்க்கவென்றே கண்டமங்கலத்திலிருந்து வந்தார். முதல் போட்டோ மாப்பிள்ளையின் நெற்றி வரைக்கும் வந்து அப்படியே நின்றது.

“இன்னாம்மா இது, வளையம் சுத்திக்கினே இருக்குது? உங்கப்பா பழசத் தொடச்சி நம்ம தலையில கட்டிட்டாரா?”

“புதுசுதான் அண்ணி. பெட்டிய நான்தான் பிரிச்சேன்.”

“புதுசுன்னா இப்படி பேஜாரு பண்ணுமா?” என்ற அத்தை, சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒரு குட்டியானை வண்டிக்குச் சொல்லு. ஏத்தி திண்டிவனத்துக்கே அனுப்பு. அவரே மாத்திக் குடுக்கட்டும்.”

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். அப்பா போனை எடுத்து வண்டிக்குச் சொன்னார். சீரைத் திருப்பி அனுப்பினால் இரண்டு ஊரும் பேசும், சித்தியின் அப்பா அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்க முடியாது என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை. கார் ரேஸ் போகிறதே என்பதுதான் என் துக்கம்.

“வண்டி வர்றதுக்குள்ள ஒருவாட்டி பாக்கறேன் அண்ணி” என்று சித்தி உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை அணைத்துத் திறக்கும்போதே ஏதோ ஒரு விசையைத் தட்டினார். திரை கறுத்து, எழுத்துகள் கொழுகொழுவென்று பெரிதாயின.

“ஐயோ சித்தி, அதத் தொடாதீங்க, எல்லாம் போயிடும்!”

“நீ கம்முனு நில்லு.”

தானாகக் கிளம்புகிறவற்றையெல்லாம் நிறுத்தினார். மறுபடி திறந்து, உள்ளே போட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலை வரவழைத்தார். அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேல்மலையனூர் அம்மன் காலண்டரைப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தார்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தபோது திரையில் கல்யாணமே படபடவென்று நடந்துகொண்டிருந்தது. அத்தை தன் பட்டுப்புடவைப் படத்தை நாலு தடவை பார்த்துவிட்டு, வண்டியைத் திரும்பிப் போகச் சொன்னார்.

“இன்னாதாம்மா கோளாறு?”

“மிஷின்ல ஒண்ணுமில்ல அண்ணி. வேணாததெல்லாம் உள்ள சேந்துக்கினு இருந்துது. எடுத்துட்டேன்.”

“யாரு போட்டது?”

நான் மறுபடியும் காலண்டர் அம்மனைப் பார்த்தேன்.

“நெட்டுலேந்து தானா வந்துடும் அண்ணி.”

சித்தி ஏமாந்துவிட்டார் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். படித்தவர்களுக்கே இவ்வளவுதான் தெரிகிறது என்று கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

இன்று சென்னையில் அடுத்தவர் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. நன்றாகவே செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மந்தமாக ஓடிய ஒரு கம்ப்யூட்டரில் அதே பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அதைப் போட்ட தேதி இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அன்று சித்தியின் திரையிலும் இருந்திருக்கும். எல்லாம் அவர் திண்டிவனத்தில் இருந்த நாட்களின் தேதிகள். ஒரு விரலை நீட்டிக் காட்டியிருந்தால் அத்தை தலைகுனிந்திருப்பார், எனக்கு முதுகு தப்பியிருக்காது.

மதியமே போன் செய்தேன். “சித்தி, அன்னிக்கு அந்தத் தேதியெல்லாம் பாத்தீங்களா?”

“பாத்தேன். உன் மூஞ்சியையும் பாத்தேன்.”