அட்டைப் படத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்கும் இருக்கை

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் ஒரு பழைய போர் விமானத்தின் விமானி இருக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். படத்தை எடுத்தவள் நான். அந்த இருக்கையில் உட்கார ஆசைப்பட்டவளும் நான்தான். ஓராண்டு நினைவுக்கு எந்தப் படத்தைப் போடலாம் என்று அண்ணி கேட்டபோது கல்யாணப் படத்தைச் சொன்னேன். கதிர்காமத்தில் எடுத்த படத்தையும் சொன்னேன். அண்ணி இரண்டையும் ஒதுக்கி வைத்தார். "இதுலதாம்மா அவரு அவரா இருக்காரு" என்றார்.

கட்டுரையை நான் எழுத வேண்டும் என்பதும் அண்ணியின் முடிவே. பத்திரிகையில் வேலை செய்தவள், உள்ளதை உள்ளபடி எழுதுவாள் என்று நம்பியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் பன்விலவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். அப்பா காலமானதும் அண்ணன் பாடசாலையை விட்டு லொறியில் கிளீனராகப் போனார். தங்கை படிக்க வேண்டும் என்பதற்காகவே போனார் என்று உறவினர்கள் சொல்வதுண்டு. அது உண்மை. பாடப் புத்தகத்தைவிட லொறி அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை. என் சப்பாத்து முதல் கொழும்பில் தங்கிப் பயின்ற காலம் வரை எல்லாம் அவர் உழைப்பில் நடந்தது. அதைச் சொல்லிக்காட்டியவர் அல்லர்.

பின்னர் கண்டி - பன்வில பஸ்ஸில் சாரதியானார். மழையில் யாராவது கை காட்டினால், நிறுத்தக் கூடாத வளைவிலும் நிறுத்துவார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் அவரோடு நடந்தால் நாலடிக்கு ஒருவர் வந்து தோளில் கை போடுவார். என்னை யாரும் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பிலிமத்தலாவையில் வீடு கட்டினார். அங்கேயும் ஒரே மாதத்தில் தெருவே அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. நான் அதே தெருவுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். இன்றும் நான் "பஸ்காரரின் தங்கச்சி".

விமானம் மட்டும் என்னுடையதாக இருந்தது. சின்ன வயதில் மலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் நான் லயத்துக்கு வெளியே ஓடிவருவேன். அண்ணன் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். கடையில் சாமான் சுற்றித்தரும் பத்திரிகைத் தாள்களில் விமானப் படம் இருந்தால் வெட்டி வைப்பேன். பிறகு புத்தகங்களில் படித்தேன். எந்த விமானத்துக்கு எத்தனை இருக்கை, எஞ்சின் எங்கே என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு போர் விமானத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கண்டியில் ஒரு கண்காட்சிக்கு விமானப்படையின் பழைய ஜெட் விமானம் ஒன்று வந்தது; பயிற்சிக்கும் போருக்கும் பயன்பட்டது. இறக்கைகளைக் கழற்றி லொறியில் ஏற்றிவந்து மைதானத்தில் மறுபடி பூட்டியிருந்தார்கள். செய்தி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியது. அண்ணனுக்கு அன்று ஓய்வு நாள், துணைக்கு வந்தார். வழியில் அந்த விமானத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே வந்தேன். விமானி இருக்கைகள் ஒன்றன் பின் ஒன்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்றேன். "பஸ்ஸுல முன் சீட்டு மாதிரியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய அக்கறை.

கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் அனுமதி. நான் பத்திரிகைக் கடிதத்தைக் காட்டினேன். பொறுப்பாக நின்ற முதிய இயந்திரவியலாளர் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார். பன்விலப் பாதையில் இருக்கும் வத்தேகமக்காரராம். விடுமுறையில் வீட்டுக்குப் போகும் காலத்தில் அண்ணனின் பஸ்ஸில் போனவராம். இருவரும் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். கயிறு உயர்ந்தது. ஒருவர் மட்டும் ஏறலாம் என்றார். அண்ணன் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். ஒலிபெருக்கி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் என் சேலையையும் ஏணியையும் பார்த்து, முடியாது என்று தலையசைத்தார். அண்ணன் ஏறினார்.

கீழே இருந்து எனக்கு முதலில் தெரிந்தவை அவருடைய செருப்பின் அடிப்பாகங்கள்தாம். பிறகு முகம். பக்கத்து இருக்கை வெறுமையாகத்தான் இருந்திருக்கும். அது அங்கே இருப்பதை அவருக்குச் சொன்னவளே நான். படம் எடுத்தேன்.

இறங்கி வந்ததும் "என்னண்ணே பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"உள்ள ஒரே வெயிலு. மணிக்கூடு மணிக்கூடா இருக்கு, ஒண்ணும் ஓடல" என்றார். எந்தக் கருவி எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு அவர் சொன்னது இது:

"ஆனா தங்கச்சி, கண்ணாடிக்குக் கீழ சதுரமா ஒரு தடம் இருக்கு. சாமி படம் ஒட்டியிருந்து உரிச்சிருக்காங்க. பாவம், அந்த டிரைவருக்கும் பயம் இருந்திருக்கும்ல."

என் கட்டுரையில் எஞ்சின், இறக்கை, பறந்த காலம் எல்லாம் சரியாக இருந்தன. கடைசிப் பந்தியில் அந்தத் தடத்தைச் சேர்த்தேன். ஆசிரியர் அதையே தலைப்பாக்கினார். வாசகர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் தடத்தைப் பற்றியே இருந்தன. எஞ்சினைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இத்தனை வருடப் பத்திரிகை வேலையில் மக்கள் நினைவில் நின்ற ஒரே வரி அண்ணனுடையது.

அதன் பிறகு கல்யாண வீடுகளிலும் பஸ் நிலையத்திலும் அண்ணன் இந்தக் கதையைச் சொல்லிவந்தார். சொல்லச் சொல்ல விமானம் பெரிதானது. நான் அதில் இல்லாமல் போனேன். அண்ணனின் மரண வீட்டில் அவருடன் வேலை செய்த சாரதி ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "ஒங்க அண்ணன் பிளேன் ஏறுன ஆளுங்க, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

கடைசி வருடத்தில் நுரையீரல் நோய் அவரை வருத்தியது. வைத்தியசாலையில் மூச்சு வாங்கும்போதும் தாதியருக்கு விமானக் கதை சொன்னார். ஒரு தாதி என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். "இவதான் கீழ நின்னு போட்டோ புடிச்சவ" என்றார் அண்ணன். கதைக்குள் நான் வந்தது அப்போதுதான். அதுவும் படம்பிடிப்பவளாக. சில நாட்களில், அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் அந்த விமானத்தைத் தேடினேன். கொழும்புப் பக்கம் ஒரு கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் சல்வார் அணிந்து போனேன். முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தேன். ஏணி வைத்தார்கள். முதலில் அண்ணன் உட்கார்ந்த இடது இருக்கையில் உட்கார்ந்தேன். கருவிகள் நான் படித்த இடங்களிலேயே இருந்தன. கண்ணாடிக்குக் கீழே தடமும் இருந்தது. சதுரம்; சுற்றியுள்ள வர்ணத்தைவிடக் கொஞ்சம் புதிது. நான்கு மூலையிலும் திருகாணித் துளைகள். ஏணியைப் பிடித்திருந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். விமானிக்கான குறிப்புத் தகடு ஒன்று அங்கே பூட்டியிருந்ததாகவும், பிறகு கழற்றிவிட்டதாகவும் சொன்னார்.

அண்ணனின் பஸ்ஸில் அதே இடத்தில் முருகன் படம் இருந்தது. பன்விலப் பாதையின் வளைவுகளில் தினமும் பஸ் ஓட்டியவருக்கு அந்தச் சதுரம் வேறு எதுவாகவும் தெரிந்திருக்காது. அன்று நான் ஏறியிருந்தால் துளைகளைப் பார்த்திருப்பேன். கட்டுரை பிழையில்லாமல் வந்திருக்கும். யாரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள்.

வலது இருக்கைக்கு மாறியும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அங்கிருந்தும் தடம் நன்றாகத் தெரிகிறது.

அண்ணனின் நோய்க்காலத்தில் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த பிலிமத்தலாவை அயலவர்களுக்கும், இறுதி ஊர்வலத்துக்குத் தங்கள் பஸ்களைக் கொண்டுவந்த சாரதிகளுக்கும் நடத்துநர்களுக்கும், பன்விலவிலிருந்து மழையில் வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வத்தேகமவைச் சேர்ந்த அந்த இயந்திரவியலாளருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அண்ணி சொன்னார். சொல்லிவிட்டேன்.

பத்திரிகை வழக்கப்படி ஒரு திருத்தமும் பாக்கி இருக்கிறது. அது சாமி படம் இருந்த இடமல்ல; தகடு இருந்த இடம். அண்ணன் இருந்திருந்தால் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "அந்தத் தகட்டு மேலதான் ஒட்டியிருந்தாங்க, தங்கச்சி" என்றிருப்பார். பக்கத்தில் இருக்கிற எல்லோரும் அதையே நம்பியிருப்பார்கள்.