அறுபதாம் கல்யாணத்தின் மேல் ஒரு டான்ஸ் படம்

பிச்சுமணி கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்கு அவர் மேல் கோபம் வரும். எனக்கே வருகிறது. மாயவரம் டெலிபோன் டிபார்ட்மெண்ட்டில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தச் சாமானைப் பற்றியும் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற ஆள். அந்த நினைப்புதான் கடைசியில் அவரை அடித்துப்போட்டது.

1994-ல் அவரும் மனைவி அபயாம்பாளும் நியூ ஜெர்சிக்கு வந்தார்கள். ஒரே பிள்ளை கிரீஷ் பிரிட்ஜ்வாட்டரில் வீடு வாங்கி, இருவருக்கும் கிரீன் கார்டும் வாங்கிவிட்டிருந்தான். அப்பளக் கட்டுக்கும் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கும் நடுவில், புடவையில் சுற்றி ஒரு வீடியோ டேப்பும் பெட்டியில் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணத்தின் டேப். மூன்று மணி நேரம். ஒரே ஒரு பிரதி. விசா சிக்கலால் கிரீஷால் அன்றைக்கு ஊருக்கு வர முடியவில்லை, அவன் பார்க்கவேண்டும் என்றுதான் அதை எடுத்ததே.

“சூப்பர்ப்பா. ஒரு வீக்கெண்ட் எல்லாரும் உக்காந்து பாக்கலாம்” என்று சொல்லி, கிரீஷ் அதை டிவிக்குக் கீழே இருந்த இழுப்பறையில் போட்டான். இந்தியாவில் எடுத்த டேப் அமெரிக்க மெஷினில் ஓடாது, வெறும் கோடுதான் தெரியும், அதை இந்த ஊர் முறைக்கு மாற்றவேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பெற்றவர்களிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

அந்த வீக்கெண்ட் வரவேயில்லை. காலை ஏழரைக்கு கிரீஷும் மருமகள் ஷ்யாமளாவும் ஆளுக்கொரு காரில் கிளம்பினால், திரும்ப எட்டு மணி ஆகும். பெரியவர்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகலாம் என்றால் நடைபாதையே கிடையாது. பால் வாங்கும் கடை நான்கு மைல். ஆக, அபயாம்பாளுக்குச் சமையல், பிச்சுமணிக்கு டிவி ரிமோட், ஜன்னலுக்கு வெளியே புல்தரை. மதியம் இரண்டு மணிக்குப் பழைய ஹாலிவுட் படங்கள் போடும் ஒரு கேபிள் சேனலை அவர்தான் கண்டுபிடித்தார்.

எல்லாம் இரண்டாம் உலக யுத்த காலத்துப் படங்கள், இல்லாவிட்டால் யுத்தம் முடிந்த கையோடு வந்தவை. சிரிப்பும் பாட்டும் டான்ஸும்தான். மூன்று நாள் லீவில் கரைக்கு வந்த கப்பற்படைச் சிப்பாய்கள், தொப்பிக் கடையில் வேலை செய்யும் பெண், ஒரு ஆள்மாறாட்டம், கடைசியில் நூறு பேர் படிக்கட்டில் இறங்கி ஆடும் பெரிய ஆட்டம். குங்குமச் சிவப்பும் மயில் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும் கலர். கல்லூரி நாட்களில் மெட்ராஸில் இரண்டு மூன்று பார்த்திருந்ததால், பிச்சுமணி தன்னை இதில் நிபுணராகவே நினைத்துக்கொண்டார். அபயாம்பாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுவார். அவருக்கும் பாதி புரியாது. புரியாத இடத்தில் இஷ்டத்துக்கு அடித்துவிடுவார்.

“நேத்திக்கு அவனை அவளோட தம்பின்னேள். இப்போ கல்யாணம் பண்ணிக்கறானே?”

“அது வேற ஆள். நீ சரியா பாக்கலை.”

“சண்டை நடக்கறதுங்கறேள், ஒருத்தர்கூட சாகலையேன்னா?”

“சாகறதுக்குன்னு வேற படம் எடுப்பான். இது சிரிக்கறதுக்கு.”

அவள் சிரித்தாள். அந்த தேசத்தில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அந்த இரண்டு மணிப் படங்களுக்கு மட்டும்தான். குறிப்பாக ஒரு படம். போர்க்கப்பலில் சமையல்காரனாக இருக்கும் ஒருத்தன், தான் கேப்டன் என்று காதலிக்குப் புளுகி லெட்டர் எழுதிவிடுகிறான், அவள் நேரே கப்பலுக்கே வந்துவிடுகிறாள். நடுவில், கப்பல் சமையலறையில் எட்டு சமையல்காரர்கள் கரண்டியைத் தட்டி, உருளைக்கிழங்கைத் தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடும் ஒரு டான்ஸ். அபயாம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “சமையக்கட்டுல இத்தனை சந்தோஷமா யாராவது இருப்பாளோ!” என்று தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அதே படம் மறுபடி உண்டு என்று அறிவிப்பு வந்ததும், “அதை எடுத்து வச்சுக்க முடியாதோன்னா?” என்று கேட்டாள். அமெரிக்கா வந்து அவள் வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான்.

வெற்று டேப் வீட்டில் இல்லை. கிரீஷிடம் சொன்னால் வாங்கித் தருவான், ஆனால் அதற்குள் வியாழன் போய்விடும். இழுப்பறையில் திருக்கடையூர் டேப் இருந்தது. ஒரு மாதம் முன்பு ஆசை தாங்காமல் இருவரும் அதைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். திரை முழுக்க கோடு கோடாக ஓடியது, கீச்சென்று ஒரு சத்தம். பிச்சுமணி உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். “ஏர்போர்ட்ல எக்ஸ்ரே மெஷின்ல விட்டானே, அழிச்சுட்டான். இனிமே இது வெறும் டேப்.” அபயாம்பாள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவான் என்று இருவரும் மூச்சுவிடவில்லை.

“கிரீஷை ஒரு வார்த்தை கேட்டுண்டு...” என்று இழுத்தாள்.

“டெலிபோன்ல முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டினவன் நான். செத்த டேப் எதுன்னு எனக்குத் தெரியாதா?”

இன்னொன்றும் இருந்தது. டேப்பின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால், அதன் மேல் வேறெதுவும் பதியாது. மாயவரத்து வீடியோக்காரன் அதைப் பொறுப்பாக உடைத்துத்தான் அனுப்பியிருந்தான். இது பத்திரமாக இருக்கவேண்டும் என்று யாரோ ஒருத்தன் நினைத்திருக்கிறான்! நம் ஆள் என்ன செய்தார்? அந்த ஓட்டையின் மேல் ஒட்டுநாடாவை அளவாக வெட்டி ஒட்டினார். வியாழன் இரண்டு மணிக்குப் பதிவுப் பொத்தானை அமுக்கினார். படம் துல்லியமாக விழுந்தது. அவருக்கு ஒரே பெருமை.

அதற்கப்புறம் மூன்றரை வருஷம் அந்த சமையல்காரர்கள் ஆடினார்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவள் கேட்பாள், அவர் போடுவார்.

1998 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே மேஜை மேல் சாய்ந்தாள். பிச்சுமணி 911 கூப்பிட்டார், வீட்டு எண்ணைச் சரியாகச் சொன்னார், ஆம்புலன்ஸும் சீக்கிரமே வந்தது. பிரயோஜனமில்லை. அறுபத்திரண்டு வயது.

அடுத்த ஜனவரியில், அவளுடைய முதல் வருஷத் திதியான வருஷாப்திகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே கிரீஷ் சொன்னான்: “அப்பா, அந்தத் திருக்கடையூர் டேப்பை கன்வர்ட் பண்ணப் போறேன். எடிசன்ல ஒரு தமிழ்க்காரர் பண்றாராம். அம்மாவை எல்லாரும் ஒரு தடவை பாக்கலாம். எனக்கு அம்மா குரலைக் கேக்கணும் போல இருக்குப்பா.”

“கன்வர்ட்டுன்னா?”

“இந்தியா டேப் இங்க ஓடாதேப்பா. வெறும் லைன்ஸ்தான் வரும். டேப் நன்னாத்தான் இருக்கும், சிஸ்டம்தான் வேற.”

பிச்சுமணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஷ்யாமளா, “ரசம் போடட்டுமா மாமா?” என்று கேட்டது காதில் விழவில்லை. வெறும் கோடு. கீச்சென்ற சத்தம். அந்தக் கோடுகளுக்கு உள்ளேதான் அபயாம்பாள் ஒன்பது கஜம் கட்டி, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளை அவர் தன் கையாலேயே அழித்திருக்கிறார்.

அவள் குரல் வேறெங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டார். ஆள் இல்லாதபோது பதில் சொல்லும் போன் மெஷினில் பேசுவது கிரீஷ். ஊருக்கு கேசட்டில் பேசி அனுப்பும் பழக்கமும் அவர்களுக்குக் கிடையாது. போட்டோ இருக்கிறது, பன்னிரண்டு. போட்டோ பேசுமா? இரண்டு வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு மதியம் மட்டும் டேப்பைப் போட்டு, டான்ஸ் பக்கம் பார்க்காமல் கடைசிவரை ஓட்டினார். படம் முடிந்து எழுத்தெல்லாம் போன பிறகு, மறுபடி கோடு வந்தது. கீச்சென்ற சத்தம் வந்தது. டேப் தீரும்வரை வந்தது. ஐயோ பாவம், அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் கும்பிட்டார். படம் நீளம் போதாமல் ஏதோ கொஞ்சம் மிச்சமிருக்கிறது!

சனிக்கிழமை எடிசன் போகும் வழியில், ஃப்ரீவேயில், மடியில் டேப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எக்ஸ்ரே, ஒட்டுநாடா, வியாழக்கிழமை, கடைசியில் மிஞ்சிய கோடு, ஒன்றையும் விடவில்லை. கிரீஷ் காரை ஓரமாக நிறுத்தினான். பெரிய லாரிகள் போகப் போகக் கார் ஆடியது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாப்பா?”

“அவ கேக்கச் சொன்னாடா. நான்தான் கேக்கலை.”

கிரீஷ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நாலு வருஷமாக ஒரு வீக்கெண்ட் கிடைக்காதது யாருடைய குற்றம் என்று அவனுக்கும் தெரியும். அதனால் திட்டவும் முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வாங்கோ, மிச்சத்தைப் பாக்கலாம்” என்று காரைக் கிளப்பினான்.

கடைக்காரர் பெயர் பாலசுப்ரமணியன். அவரிடம் இரண்டு முறைக்கும் ஓடும் மெஷின் இருந்தது. சமையல்காரர்களை வேகமாக ஓட்டித் தள்ளினார். கோடு வந்ததும் ஒரு பொத்தானை மாற்றினார். படம் நடுங்கி, பிறகு தெளிந்து நின்றது. மாங்கல்யதாரணம், அபிஷேகம், அவள் வெட்கப்பட்டுச் சிரித்தது எல்லாம் போய்விட்டிருந்தது. மிஞ்சியது பந்தி. வரிசையாக இலைகள், சாப்பிடுகிறவர்கள், கேமராவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு மாமி. இருபது நிமிஷம் பாயசமும் வடையும். இருவரும் ஒவ்வொரு முகமாகத் தேடினார்கள். அவள் இல்லை. பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் எங்கேயாவது இருந்திருப்பாள்.

பிறகு பிச்சுமணி வந்தார். கழுத்தில் மாலை, ஜரிகை அங்கவஸ்திரம், நாற்காலியில் கால் மேல் கால். “சார், அமெரிக்காவுல இருக்கிற பையனுக்கு ஏதாவது சொல்லுங்க” என்றது வீடியோக்காரன் குரல். சொன்னார். அம்மாடி, எவ்வளவு சொன்னார்! மாயவரத்துக்கு முதல் டிரங்க் லைன் இழுத்தது, புயலில் கம்பம் விழுந்தது, மேலதிகாரி தன்னிடம் வந்து யோசனை கேட்டது. சொல்லிக்கொண்டே இருக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு கை திரைக்குள் வந்தது. அரக்குப் புடவையின் ஜரிகை ஓரம், நாலு வளையல், மஞ்சள் பூசிய விரல்கள். ஒரு டம்ளர் மோரை அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தது. வைத்துவிட்டு, போகாமல் கொஞ்சம் நின்றது.

“அம்மாவும் பையனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே சார்” என்றான் வீடியோக்காரன்.

திரையில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவ எதுக்குப்பா? அவளுக்குப் பேச வராது. நீ இங்க என்னைப் பாத்து எடு” என்றார்.

கை விலகிப் போனது. அவர் மேலதிகாரியின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இன்னும் ஆறு நிமிஷம் பேசினார். டேப் தீர்ந்தது.

பாலசுப்ரமணியன் மெஷினை நிறுத்தினார்.

“அது அம்மா கையாப்பா?” என்றான் கிரீஷ்.

“ஆமாண்டா.”

பாலசுப்ரமணியன் எத்தனையோ வீட்டு டேப்களைப் பார்த்தவர். மெதுவாகச் சொன்னார்: “அந்த இடத்தை மட்டும் தனியா காப்பி போட்டுத் தரேன் சார். பத்து செகண்ட் வரும். உங்க வாய்ஸ் வேணாம்னா எடுத்துடலாம். ஒரு நாதஸ்வரம் போட்டுக்கலாம்.”

“எடுத்துடுங்கோ” என்றான் கிரீஷ் சட்டென்று. “மியூசிக் போடுங்கோ, போதும்.”

பிச்சுமணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எடுக்காதீங்கோ. அவ அதைக் கேட்டுண்டுதானே நின்னா? நானும் கேக்கறேன்.”