கூடையோடு வந்த சாட்சி

போன மாதம் கொச்சிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் படுத்திருந்தபோது, எங்கள் புதுச்சேரி சட்டசபையில் போலீசைத் திருத்துவது பற்றிப் பேசுவதைப் போனில் பார்த்தேன். உறுப்பினர் ஒருவர் விசாரணை கேட்டார். வைக்கலாம் என்றார் அமைச்சர். எங்கள் வீட்டுக்கும் ஒரு விசாரணை வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா இல்லாத என்னைச் சித்தப்பாவும் சித்தியும்தான் வளர்த்தார்கள்.

பெரிய மார்க்கெட்டில் ஏதோ தகராறு என்று சித்தப்பாவைச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் பிடித்துப்போனார்கள். மறுநாள் பிணமாகத்தான் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கடற்கரைப் பாறையில் விழுந்தவரைத்தான் பிடித்தோம், அடி முன்பே பட்டது என்றார்கள். அவர் ஒரு கீறல் இல்லாமல் ஜீப்பில் ஏறியதை மார்க்கெட்டே பார்த்தது. சொல்லத் துணிந்தவள் அங்கே மீன் விற்ற சித்தி மட்டும்தான். சட்டசபையில் யாரோ சத்தம் போட்டதால், விசாரிக்க ஓர் அதிகாரியை நியமித்தார்கள்.

எங்கள் குப்பத்தில் பஞ்சாயத்தார் வழக்குக் கேட்க உட்கார்ந்தால், இரண்டு தரப்பும் அவர்களுக்கு மீன் கொடுக்கும். பசியோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பார்கள். சித்தியும் நல்ல வஞ்சிரமாக ஒன்றைக் கூடையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய், அதிகாரியின் மேசைக்கு முன்னால் இறக்கினாள்.

போலீஸ் தரப்பு வக்கீல் சிரித்தார். “பாருங்க சார், சாட்சி கூடையோட வந்திருக்கு.”

குமாஸ்தா பாய்ந்து வந்தார். “எம்மா, இன்னா வேல பண்ற? ஐயாவுக்கே லஞ்சமா?”

“லஞ்சம் இல்ல சாமி, மொற. அவுங்க தரப்பும் குடுத்திருப்பாங்கல்ல?”

சித்தி உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். வக்கீலின் சிரிப்பு நின்றது. அதிகாரி பேனாவை மூடினார்.

“எடுத்துக்கிட்டுப் போம்மா. வேணும்னா ஆள் விட்டுக் கூப்பிடுறோம்.”

“நல்லா நடந்துதான் போனாரு சார், ஜீப்புல தானாத்தான் ஏறுனாரு...” என்று சொல்லிக்கொண்டே சித்தி குனிந்து கூடையை எடுத்தாள். அவள் சொன்னதை யாரும் எழுதவில்லை.

அதன்பின் சித்தி மார்க்கெட்டுக்குப் போகவில்லை. விடிந்ததும் குளித்து, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். ஆள் வந்து கூப்பிடும்போது மேலே மீன் வாடை அடிக்கக் கூடாதாம். வீட்டில் கஞ்சிதான், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால், முதல் முறையாக வீட்டில் எனக்கென்று ஓர் ஆள் இருந்தது. பக்கத்தில் உட்கார வைத்துத் தலை வாரிவிடுவாள். கண் மட்டும் தெருவில் இருக்கும்.

கூப்பிட யாரும் வந்துவிடக் கூடாது என்று, மாதா கோயிலைத் தாண்டும்போதெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

யாரும் வரவில்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டதென்று நினைத்தேன்.