கஸ்தூரி வளர்த்த சாத்தான்

வாணலியில் வடை வேகிற நேரத்துக்குள் சாத்தானை ஒரு சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள் கஸ்தூரி. "நின்னாம்பா. ஒரு கால மடிச்சி செவுத்துல வெச்சிகினு நின்னான். பாக்கறதுக்கு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு புச்சா வந்த ஆபீசரு கணக்கா இருந்தான்" என்று சொல்லிவிட்டு வடைகளைத் திருப்பிப் போட்டாள். பெஞ்சில் இருந்த பெண்கள் புளிசாதத்தை வாய்க்கருகில் பிடித்தபடி காத்திருந்தார்கள். வடை சிவக்க வேண்டும், எண்ணெய் வடிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் சாத்தான் வாயைத் திறப்பான்.

வில்லியனூரில் ரயிலடிக்குப் போகும் ரோட்டோரத்தில் தகரம் போட்ட கடை அவளுடையது. கலந்த சாதம், வடை, டீ. பகல் ஒரு மணிக்கு சேதராப்பட்டு கம்பெனி பஸ் கடைக்கு எதிரே வந்து நிற்கும். அதில் ஏறுகிற பெண்கள் பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு வருஷம் பூராவும் ரெண்டாம் ஷிப்டுதான். வீடு திரும்ப பத்துமணிக்கு மேல் ஆகிவிடும். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற சாத்தான் நாடகம் டிவியில் எட்டரைக்கே வந்து போய்விடும். ஆகவே முந்தின நாள் கதையை மறுநாள் மதியம் கஸ்தூரி சொல்ல வேண்டும். இதை யாரும் பேசி ஏற்பாடு செய்யவில்லை. ஒருநாள் ஒருத்தி கேட்டாள், இவள் சொன்னாள், மறுநாள் ஆறு பேர் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போனில் போட்டுப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டால், போனில் வருகிற சாத்தானுக்கு இத்தனை ருசி இல்லை என்பார்கள்.

நாடகத்துக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அது யாருக்கும் ஞாபகமில்லை. சாத்தான் மனுஷ வேஷம் போட்டுக்கொண்டு ஒரு சின்ன ஊருக்கு வந்து, ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, தையற்கடை வைத்துவிடுகிறான். அவன் யாரையும் கெடுப்பதில்லை. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அளவு எடுக்கிறான். அவன் கை பட்டதும் மனுஷர்கள் தங்கள் மனசிலுள்ள அழுக்கையெல்லாம் தாங்களாகவே கொட்டிவிடுகிறார்கள். அவன் ஒரு பொய்கூடச் சொல்லமாட்டான். பொய் மனுஷனுடைய தொழில் என்பது அவன் கட்சி. இவ்வளவுதான் கதை. இதற்குத்தான் வில்லியனூர் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. அவனை நரகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றது ஒரு கட்சி. வீட்டுக்காரம்மா மகளைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடட்டும் என்றது இன்னொன்று. பேக்கிங் பெண்களில், தையற்கடை வைத்திருந்த மாமா வீட்டில் வளர்ந்த நசீரா மூன்றாவதாக ஒரு கட்சி கட்டினாள்: அவன் தையல் சுத்தமில்லை, பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தெரியவில்லை.

அவள்கூட வேலை பார்க்கிற ஸ்டெல்லாவின் பாடுதான் திண்டாட்டம். மாதா கோயில் தெருவில் வீடு. தினமும் ஜெபமாலை சொல்கிற குடும்பம். கதை தொடங்கும்போது நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வாள். "மாதாவே, இதெல்லாம் கேக்கக் கூடாது" என்பாள். அடுத்த மூச்சிலேயே, "அப்பால இன்னாக்கா ஆச்சி?" என்பாள். எல்லாருக்கும் முன்னால் வந்து பெஞ்சின் நல்ல மூலையைப் பிடிப்பவளும் அவள்தான்.

கஸ்தூரிக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. போணி ஆகும்வரை சாத்தான் என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டாள். அதுவரை அவன் "அந்த ஆளு". ராத்திரி நாடகம் பார்க்கும்போது டிவிக்கு எதிரே காலை நீட்டி உட்கார மாட்டாள். அவன் எதிரே காலை நீட்டினால் மரியாதை இல்லையாம். விளம்பரம் வந்தால் எழுந்துபோய் மறுநாளைக்கு உளுந்து களைவாள். அவள் புருஷன் சாமிநாதன் கரும்பு வெட்டுக்குப் போய்வந்து அலுத்துப் படுத்திருப்பார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். கஸ்தூரி காதில் வாங்கமாட்டாள். நாளைக்குச் சாத்தான் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது அவள் கவலை.

நாடகத்தை முடிக்கப்போகிறார்கள், சாத்தானைச் சாகடிக்கப்போகிறார்கள் என்று நடுவில் ஒரு வதந்தி கிளம்பியது. கஸ்தூரிக்கு மனசு கேட்கவில்லை. கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிடலாம் என்று தேங்காய்த் தட்டோடு போனாள். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். என்ன சொல்வாள்? புருஷன் பெயருக்குச் செய்துகொண்டு திரும்பிவிட்டாள். அப்புறம் ஸ்டெல்லாவிடம் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து மாதாவிடம் ஏற்றச் சொன்னாள். சாத்தான் நன்றாயிருக்க வேண்டும் என்று மாதாவிடமே போய் எப்படிக் கேட்பது? ஸ்டெல்லா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஏற்றிவைத்துவிட்டு, "யாருக்குன்னு உனக்கே தெரியும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம். வதந்தி அந்த வாரமே அடங்கிப்போனது. சாத்தானுக்காக மாதாவுக்கு நன்றி சொன்ன ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் அந்தக் குழந்தைச் சட்டை வந்தது.

பிள்ளையில்லாத ஒரு பெண் சாத்தானின் கடைக்கு வருகிறாள். ஒரு முழம் பூப்போட்ட துணியைக் கொடுத்து, கைக்குழந்தைக்குச் சட்டை தைக்கச் சொல்கிறாள். எந்தக் குழந்தைக்கு என்று கேட்கிறான். பிறக்கப்போகிற குழந்தைக்கு என்கிறாள். பொய் சொல்லத் தெரியாத சாத்தான், இந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள் என்று நேருக்கு நேராகச் சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மறுநாள் விடியலில் அவளைக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி எழுந்து டிவியை அணைத்தாள். அவளுக்கு இளவரசியின் ஞாபகம் வந்துவிட்டது.

இளவரசி பேக்கிங் பிரிவுப் பெண்களில் சின்னவள். வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கி, ஆறாம் மாதத்தில் இல்லாமல் போயிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் கிடந்தாள். மறுநாள் முதல் வேலைக்கு வரப்போகிறாள் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள்.

வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். கஸ்தூரி கதையைத் தொடங்கினாள். துணி வந்தது, கேள்வி வந்தது. அந்த இடத்தில் அவள் கை கரண்டியோடு நின்றது. பிறகு சாத்தானின் குரலில், அவன் நாடகத்தில் சொல்லவே சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "பொறக்காத புள்ளைக்கு எனக்கு அளவு எடுக்கத் தெரியாதும்மா. அது எப்ப வருதோ அப்ப வரட்டும். இப்ப நீ வந்துகீற. கையத் தூக்கு, உனக்கு அளவு எடுக்கறேன்." அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தான் சாத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்குக் கதை அவ்வளவுதான். இளவரசி ரெண்டு வடையைத் தின்றுவிட்டு பஸ் ஏறினாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பது கஸ்தூரிக்கு அப்புறம்தான் உறைத்தது. நாடகத்தில் அந்தப் பெண்ணுக்குக் கருமாதி நடக்கிறது. இவள் கடையில் அவள் உயிரோடு நடமாட வேண்டும். ஆகவே அவளைச் சாத்தானின் கடையிலேயே காஜா எடுக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டாள். நசீராவின் குறையும் அதோடு தீர்ந்தது. தினம் அவளுக்கு ஒரு காரியம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் சாத்தானுக்கே எதிர்ப்பேச்சுப் பேசினாள். ஒருநாள் மாமியாரிடம் பதில் சொன்னாள். ஒருநாள் சம்பளத்தில் தனக்குத்தானே ஐஸ்கிரீம் வாங்கித் தின்றாள். உளுந்து களையும்போது கஸ்தூரி இதையெல்லாம் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு வாரத்துக் கதை மொத்தத்தையும் திரும்பப் போடுவார்கள். எல்லாப் பெண்களும் வீட்டில் இருப்பார்கள். திங்கட்கிழமை கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெல்லாதான் வாய் தவறி, "யக்கா, அவளத்தான் கெணத்துல..." என்று ஆரம்பித்தாள். நசீரா அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில் மீதியை விழுங்கிவிட்டாள். இளவரசி தலைநிமிராமல் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பார்க்கவில்லை போலிருக்கிறது என்று கஸ்தூரி மூச்சு விட்டாள். அன்று அந்தப் பெண்கள்மேல் அவளுக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. நடந்தது வேறு என்று தெரிந்தும், வேலைக்குப் போகிற அவசரத்தில் அரை மணி உட்கார்ந்து, அடுத்தது என்ன என்று ஆசையாகக் கேட்கிறார்களே! கூடப்பிறந்தவர்கள் செய்வார்களா இதை?

எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. போன மாசம் நாடகம் முடிந்தது. யாரும் சாத்தானைச் சாகடிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, மழையில் நடந்து ஊரைவிட்டுப் போய்விட்டான். கஸ்தூரி அதை அப்படியே சொன்னாள். ஸ்டெல்லா மூக்கைச் சிந்தினாள். நரகத்துக்கு அனுப்பச் சொன்ன கட்சிதான் ரொம்பவும் அழுதது. கம்பெனி பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு ஒவ்வொருத்தியாகப் போய் ஏறினார்கள்.

இளவரசி போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ இன்னாக்கா ஆனா?"

"எவடி?"

"கொழந்த சட்ட தைக்க வந்தவ."

கதையை முடிக்கிற அவசரத்தில் கஸ்தூரி அவளை மறந்தேவிட்டாள். நல்லாத்தான் இருக்கிறாள் என்று எதையோ முனகினாள்.

"நாடகத்துல அவள கெணத்துலேர்ந்து எடுத்தாங்க" என்றாள் இளவரசி. குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "அன்னிக்கி ராத்திரி நான் வூட்லதானக்கா இருந்தேன். லீவு முடியல இல்ல. பாத்துட்டேன்."

கஸ்தூரிக்கு அப்போதுதான் உறைத்தது. ரெண்டாம் ஷிப்டுக்காரி நாடகம் பார்த்திருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டவள், அந்த ராத்திரி அவள் ஷிப்டிலேயே இல்லை என்பதை யோசிக்கவில்லை.

"பொட்டுத் தூக்கமில்ல. தனியா வூட்ல கெடக்க பயந்துகினுதான் மறுநாளு வேலைக்கி கெளம்பனேன். நீ இன்னாடான்னா அவளுக்கு ரவிக்கை தெச்சிக் குடுத்த." இளவரசி சிரிக்கப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அப்பால தெனம் அவ இன்னா செய்யறான்னு கேக்கத்தான் எழுந்து குளிச்சி வந்தேன். அவ நல்லாகீறதா நீ சொன்னாதான் எனக்கு சோறு எறங்கும். இனிமே நாடகம் இல்ல. அவ இருப்பா இல்லக்கா?"

பொய்யை நம்பினாள் என்று நினைத்திருந்த பெண், பொய்யென்று தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கிறாள். தன் வாயில் அந்தப் பொய்யை வரவைத்த சாமிக்கோ சாத்தானுக்கோ, எவனாயிருந்தாலும் அவனுக்கு, மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள் கஸ்தூரி.

டிரைவர் தணிகைவேல் ஹாரனை அழுத்தினார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சத்தம் போட்டார். இளவரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கஸ்தூரி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல் அவளையும் இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். பஸ்ஸின் மூக்குக்கு நேரே போய் நின்று, எண்ணெய்க் கரண்டியை டிரைவருக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தாள். முகத்தை மட்டும் இளவரசி பக்கம் திருப்பி, "அந்த ஆளு ஊர வுட்டுப் போறப்ப கடை சாவிய யாருகிட்ட குடுத்தான்னு நெனைக்கற?" என்று ஆரம்பித்தாள்.

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கரண்டி இறங்கவில்லை.