ஒரே அறையில் பதினான்கு பிறப்புகள்

என் தம்பியை வீட்டில் சின்னவன் என்போம். வயது முப்பத்தொன்று. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். நான் எட்டாவதோடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் அவன்தான். அவனைப் பற்றி எழுதினால் அக்கா பெருமையடிக்கிறாள் என்பார்கள். அடித்துவிட்டுப் போகிறேன். தேதியும் எண்ணிக்கையும் மட்டும் தப்பாமல் எழுதுகிறேன்.

அவன் நகரத்தில் ஒரு மாடியறையில் குடியிருக்கிறான். கதவு எண் பதினேழு. ஒரு கட்டில் போட்டால் மிச்சம் நாலடி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

போன வருடம் ஜனவரியில் அவனை வரிப் பிரிவிலிருந்து பிறப்பு இறப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள், மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகவேண்டிய ஓர் அட்டவணையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். ஊர்வாரியாக மூன்று வருடப் பிறப்பும் இறப்பும். எங்கள் ஊருக்கு நேரே பிறப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம். அடியில் ஒரு குறிப்பு: 'பிள்ளைப்பேறு இல்லாத ஊர். அங்குள்ள செவிலியரை ஏப்ரல் முதல் நகரத்துக்கு மாற்றலாம்.'

எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்கு பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம். நடுவில் எங்களுக்கு இருப்பது அந்த நர்ஸம்மா ஒருவர்தான். அப்போது ஊரில் ஐந்து பேர் வாயும் வயிறுமாக இருந்தார்கள்.

ஊர்த் தெருவில் எத்தனை பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று சின்னவனுக்குத் தெரியும். பூஜ்யத்தை அவன் நம்பவில்லை. மூன்று வருடப் பிறப்புப் பதிவேடுகளையும் எடுத்து, விலாசம் எழுதிய பத்தியை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அதில் அவனுடைய மாடியறை விலாசம் பதினான்கு இடத்தில் இருந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். "என்னப்பா, பாக்க சாதுவா இருக்கே. அது ரூமா, பிரசவ வார்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, என் அட்ரஸை யார் யாருக்குக் குடுத்தே?"

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன்டா. ஏன்?"

ஆரம்பித்தது நான்தான். அதற்கு மூன்று வருடத்துக்கு முன் எனக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்தது. நகர ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர் எல்லாரையும் "எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவள் வெளியூர் என்றதும் அவளை, இடமில்லை, உங்கள் ஊர் நர்ஸிடமே போ என்று அனுப்பிவிட்டார். நான் பயந்துபோய்த் தம்பி விலாசத்தைச் சொன்னேன். உடனே கட்டில் கிடைத்தது. பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தாள். பிறப்பும் நகரக் கணக்கு, இறப்பும் நகரக் கணக்கு. அதன்பின் பிரசவத்துக்குப் போன ஒவ்வொருத்தியிடமும், "கதவு எண் பதினேழுன்னு சொல்லிடுடி" என்று நானே சொல்லி அனுப்பினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"நர்ஸம்மா நோட்டுல எல்லாரும் இருக்கோமேடா."

"அந்த நோட்டை யாருக்கா பாக்குறா? பதிவேட்டுல இருக்கறதுதான் அவங்களுக்கு ஊரு."

பெற்றவர்கள் தங்கள் உண்மையான ஊரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் திருத்தலாம் என்றான். அன்று மாலை எங்கள் வீட்டு முன்னறையில் என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் கூடினோம். யாரும் பேனாவைத் தொடவில்லை.

டிராக்டர்காரர் மனைவிதான் வாயைத் திறந்தாள். "பொய் சொன்னோம்னு கேஸ் போட்டா நீ வருவியா? உன் தம்பி வேலையைக் காப்பாத்த எங்களை மாட்டி விடுறியாக்கும்!"

"அடி இவளே, அவன் வாயை மூடிக்கிட்டா அவன் வேலை பத்திரம். பேசினாத்தான் போகும்" என்றேன்.

என் முன்னால் இரண்டு தாள் இருந்தன. மற்றவர்களில் இரண்டு பேருக்கும் அப்படித்தான். மிச்சப் பேருக்கு ஒன்று. நான் பிறப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன். இறப்புத் தாளில் ஊர்ப் பெயரை எழுதும்போது எழுத்துக் கோணலாகிவிட்டது. சின்னவன் வேறு தாள் எடுத்துக் கொடுத்தான். மெதுவாக, ஒழுங்காக எழுதினேன். டிராக்டர்காரர் மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பதினான்காமவள் குடும்பத்தோடு நகரத்துக்கே போய்விட்டவள். போனில் கேட்டதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். நானே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். சின்னவன் என்னை முறைத்தான். அந்தப் பிறப்பு இன்றும் அவன் அறையில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை தாள்களை மேலதிகாரி மேசையில் வைத்தான். அவர் விலாசத்தைப் படித்துவிட்டு, "இது உன் வீடுதானே? நீயும் உடந்தையா?" என்றாராம்.

"எனக்குத் தெரியாது சார். ஆனா ஆரம்பிச்சது எங்க அக்கா. அதையும் எழுதிக்கோங்க."

என்னைக் காட்டிக் கொடுத்ததை அவனே வந்து என்னிடம் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மறுபடி வரிப் பிரிவுக்கே அனுப்பினார்கள். எங்கள் ஊர்மேல் வழக்கு எதுவும் வரவில்லை. மார்ச் இருபத்தாறாம் தேதி புதிய அட்டவணை வந்தது. எங்கள் ஊர்: பிறப்பு பதின்மூன்று, ஒரு வயதுக்குள் இறந்தவை மூன்று. முழு மாவட்டத்திலும் எங்கள் ஊர்தான் கடைசி. நகரத்தின் எண்கள் கொஞ்சம் அழகாகியிருந்தன.

"மானம் போச்சே" என்றார்கள் சிலர். நர்ஸம்மா மட்டும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டுபோய்த் தன் நோட்டோடு வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

"மூணுமே எட்டாம் மாசமா?"

"ஆமாம்மா."

ஏப்ரலில் அவரை மாற்றவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் ஐந்து பேரையும் அவர் ஏழாம் மாதத்திலேயே தானே நகரத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். சீட்டு எழுதுகிறவர் கேட்டபோது ஐந்து பேருமே எங்கள் ஊர்ப் பெயரைத்தான் சொன்னார்கள். ஒருத்தியை மட்டும் உடனே சேர்க்க வேண்டியிருந்தது; சீட்டு எழுதுகிறவர் கட்டில் இல்லை, காத்திரு என்றாராம். நர்ஸம்மா அட்டவணையை விரித்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நின்றிருக்கிறார், கட்டில் கொடுக்கும்வரை.