வால்வைக் கட்டிய கம்பி

சாய ஆலையின் பாய்லர் அறையில் யாரும் யாரோடும் பேச முடியாது, அவ்வளவு இரைச்சல். அதனாலேயே அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாலு பேர் கூடி நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆள். 'வாய்ப்பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அழுத்தம் காட்டும் முள்ளில் ஒரு கண்ணும் மடியிலிருந்த தாளில் ஒரு கண்ணுமாக இரண்டு நாவல்கள் எழுதினான். புனைபெயரில் வந்த இரண்டும் சூடாக விற்றன. "ஒரு தடவையாவது கூட்டத்துக்கு வாங்க" என்று பதிப்பாளர் கெஞ்சியபோது, எழுத்தாளர் தான்தான் என்று நடிக்க அக்கா புருஷனை அனுப்பிவைத்தான்.

அவர் வாயைத் திறந்தால் மைக்குக்கு வேலையில்லை. "நீ பெத்துப் போடு மாப்ளே, தாலாட்டு நான் பாடிக்கிறேன்" என்று மேடையேறினார். மாலையும் கைதட்டலும் அவருக்கு, நிம்மதி இவனுக்கு.

மூன்றாவது நாவல் வேறு மாதிரி. ஒருநாள் ஆலையில் நிஜமாகவே பாய்லர் வெடித்து மூன்று பேர் வெந்து செத்தார்கள். ஒருவனை இவன் இழுத்தபோது தோல் மட்டும் கையோடு வந்தது. "எல்லாம் விதி" என்றார் முதலாளி. விதிக்குக் கம்பி முறுக்கத் தெரியுமா? ஆவி வீணாகக் கூடாதென்று, அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டவைத்தது அவர்தான். அதை அப்படியே எழுதினான்.

வெளியீட்டு விழாவுக்கும் மாமாதான் போனார். முடிந்து வெளியே வந்தவரை முதலாளியின் ஆட்கள் மடக்கி, வலது கையை நடைபாதைக் கல்லில் வைத்து இரும்புக் குழாயால் அடித்தார்கள்.

"எழுதின கை இதுதானேடா?"

விரல்கள் நொறுங்கின. முன்பல்லும் போனது.

மருத்துவமனையில் அக்கா இவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உன் கதைக்கு என் புருஷன் கையாடா விலை?"

"நான் எழுதலைன்னு சொல்லியிருக்கலாமே மாமா..."

"சொன்னா உன்னைத் தேடி வந்திருப்பானுங்க. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை வாயை மூடினேன், அதுக்கும் திட்டா?" மாமா சிரிக்கப் பார்த்தார், உதட்டில் ரத்தம் வந்தது.

பதிப்பாளர் வெலவெலத்துப் போயிருந்தார். "எல்லாம் கற்பனைன்னு எழுத்தாளர் ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுடுவாங்களாம்."

மறுநாள் ஆலை வாசலில் தொழிலாளர் கூட்டம். வாய்ப்பூட்டு மேடையேறினான்.

"நான்தான்... எழுதினேன்."

"மைக்குக்கே கேக்கலையாம்ப்பா!" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். பேச வராது என்று அவனுக்குத் தெரியும். புத்தகத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினான். சிரிப்பு அடங்கியது. தோல் கையோடு வந்த பக்கத்தில் ஒரு கல் நெற்றியைப் பிளந்தது. எழுத்தின் மேல் ரத்தம் சொட்டியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் படித்தான். இரண்டாவது கல் தோளில் விழுந்தது.

மூன்றாவது வரவில்லை. எறிந்தவனைக் கூட்டம் பிடித்துவிட்டது. கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் அவன் கையை ஆலைக் கதவின் படியில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியை ஓங்கினான்.

"விடுங்கடா அவனை!"

தன் குரல் எங்கிருந்து வந்ததென்று வாய்ப்பூட்டுக்கே தெரியவில்லை. சம்மட்டி பாதியில் நின்றது.

"அவன் கூலிக்கு எறிஞ்சவன். கம்பி கட்டச் சொன்னவன் உள்ளே உக்காந்திருக்கான். அவனை வெளியே வந்து பதில் சொல்லச் சொல்லுங்க! வர்ற வரைக்கும் நான் படிக்கிறேன்."

கூட்டம் கதவைப் பார்த்துத் திரும்பியது. அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.